பெரியம்மாவை உட்காரவைத்து வரைவது எப்படி

படகுக்குப் பெயர் எழுதுவது என் தொழில். அதற்கு முன்னால் சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்துகொண்டிருந்தேன். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. இப்போது சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகளில் சாமி பெயர், பிள்ளைகள் பெயர், பதிவு எண் எல்லாம் எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் சும்மா நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் மராமத்து, பெயிண்ட் எல்லாம் நடக்கும். எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஜூலை பிறந்தால் கை சும்மா இருக்கும். அப்படி ஒரு ஜூலையில்தான் எங்கள் பெரியம்மாவை உட்காரவைத்து வரைந்தேன். மூன்று தடவை வரைந்தேன். முதல் படம் பாழாய்ப்போனது. அது எப்படிப் பாழானது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

அம்மா, ஆயா, மாமியார் என்று வீட்டில் இருக்கும் யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து ஆயில் பெயிண்டில் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு இது. பென்சிலில் ஓரளவு கை வந்திருந்தால் போதும்.

முதலில் எனக்கு வழி காட்டிய படம். சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஓவியப் புத்தகம் ஒன்று வாங்கினேன். புரட்டும்போது ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. பச்சை உடுப்பில் ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் மடியில். கையில் ஒரு கயிறு. அந்தக் கயிறு படத்துக்கு வெளியே போய்விடுகிறது. அவ்வளவுதான். கூட வந்த நண்பன் அண்ணாநகர்க்காரன், "மாடு பிடிச்சிட்டிருக்காங்களா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். உத்தரத்துக் கொக்கியில் புடவைத் தூளி தொங்கும். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை எடுத்துக்கொண்டு பெரியம்மா வாசற்படிக்கு வந்துவிடுவார். ஒரு கை அரிசியில் கல் பொறுக்கும், ஒரு கை கயிற்றை இழுத்து இழுத்து விடும். உள்ளே குழந்தை தூங்கும்.

படத்தில் இருப்பவர் பெயர் ஓகுஸ்தீன் ரூலேன். பிரான்சில் ஆர்ல் என்கிற ஊர். கணவர் ஜோசப் ரூலேன் அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனில் தபால் வேலை பார்த்தவர். 1888 ஜூலையில் அவர்களுக்கு மார்செல் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஓவியர் வான்கோ இந்தப் படத்தைத் தொடங்கினார். நடுவில் தன் காதையே அறுத்துக்கொண்ட, எல்லோருக்கும் தெரிந்த விவகாரம், ஆஸ்பத்திரி. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து பிடித்தார். 1889 மார்ச் முடிவதற்குள் இதே படத்தை ஐந்து தடவை வரைந்துவிட்டார். 'லா பெர்சூஸ்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தாலாட்டு என்றும் பொருள், தொட்டில் ஆட்டுகிறவள் என்றும் பொருள். ஐந்தும் இன்றைக்கு பாஸ்டன், சிகாகோ, நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், ஒட்டர்லோ என்று ஐந்து ஊர் மியூசியங்களில் இருக்கின்றன. இந்த மாதிரி ஓவியங்களைப் போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்கிறார்கள். 1910இல் லண்டனில் ஒரு கண்காட்சி வைத்தபோது ரோஜர் ஃப்ரை என்பவர் வைத்த பெயர் அது. வான்கோ இறந்தது 1890இல். தான் எந்த வகையறா என்று அவருக்கே தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

உட்காரவைப்பதுதான் இதில் கஷ்டமான கட்டம். பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "இன்னாடா, என்னைப் போயா வரையப் போற? வேற ஆளு கெடைக்கலியா?" என்றார். அப்புறம் சம்மதித்து, பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆகவில்லை, முகம் கல்லாகிவிட்டது. ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கிற முகம். கை இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்தன. பதினைந்தாவது நிமிஷம் அடுப்பு ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டார்.

வான்கோ காலத்துப் பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்த தன் படத்துக்கு 115 தடவை உட்கார்ந்ததாக வொல்லார் என்கிற ஓவிய வியாபாரி எழுதிவைத்திருக்கிறார். கொஞ்சம் அசைந்தாலும் "ஆப்பிள் அசையுமா?" என்று செசான் கத்துவாராம். நம் வீட்டில் அந்தக் கதை நடக்காது. எழுபது வயதில் ஒருத்தர் வாழ்நாளில் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்றால், சும்மா உட்காரச் சொன்னால் அது அவர் இல்லை, வேறு யாரோ. அதனால் வேலையோடு உட்காரவையுங்கள். பூ கட்டுகிறவர் என்றால் பூவோடு, வலை பின்னுகிறவர் என்றால் வலையோடு. எனக்குக் கயிறு கிடைத்தது. பேத்தியின் குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். காலை பத்து மணிக்குக் குளிப்பாட்டிப் பால் கொடுத்துத் தூளியில் போட்டால் பன்னிரண்டு வரை தூங்கும், கயிறு ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். "பெரியம்மா, நீ கொழந்தைய ஆட்டு. நான் என் வேலையப் பாக்குறேன்" என்றேன். மறுபேச்சு இல்லை. பட்டுப்புடவையும் போனது, வீட்டில் கட்டும் பச்சைச் சுங்குடி வந்தது. தினம் ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு நாள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கிற உடம்பு அசையத்தான் செய்யும், ஆனால் ஒரே அசைவு, திரும்பத் திரும்ப. எந்த இடத்தில் கை வந்து நிற்கிறதோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மரம் மாதிரி நிற்கும் ஆளைவிட இது எவ்வளவோ மேல்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். எங்கள் வீடு கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில், ஒண்டுக் குடித்தனம். ஜன்னல் பேருக்குத்தான். வாசல் கதவுதான் வெளிச்சம். பெரியம்மாவை வாசலுக்கு உள்ளே மூன்றடி தள்ளி உட்காரவைத்தேன். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அது எரிந்தால் நிழல் செத்துவிடும்.

நாற்காலி கைப்பிடி வைத்ததாக இருக்கட்டும். கைப்பிடி இல்லாவிட்டால் முழங்கை தொங்கும், தோள் சரியும், ஒரு வாரத்தில் முதுகு வலி என்பார்கள். மர நாற்காலிதான் வேண்டும் என்று தேடாதீர்கள். எங்களிடம் இருந்தது ஒயர் பின்னிய பழைய நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி என்றாலும் தப்பில்லை, அதன் முதுகு வளைவு படத்தில் நன்றாகவே விழும். ஆளை நேராகப் பார்த்து உட்காரவைக்காதீர்கள். நேராக உட்கார்ந்தால் தொடை நம்மை நோக்கி நீளும், அதைக் குறுக்கி வரைவதில் பேனர் காலத்தில் பெரிய வாத்தியார்களே தடுமாறுவார்கள். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். புடவை மடிப்பு மிச்சத்தை மறைத்துக்கொள்ளும். நீங்கள் நின்றுகொண்டு வரையுங்கள். மேலேயிருந்து பார்த்தால் தரை மேலேறி வரும், உட்கார்ந்தவர் தரையில் ஊன்றிய மாதிரி இருப்பார்.

கேன்வாஸ் கடையில் ரெடியாகக் கிடைக்கும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் என்னைப் போலச் செய்யலாம். எம்.சி. ரோட்டில் கெட்டிக் காடாத்துணி வாங்கி, தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டுக் கஞ்சியை எடுத்து, காயவைத்து, மரச்சட்டத்தில் நடுவிலிருந்து மூலைக்கு இழுத்து ஆணி அடியுங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். மேலே அக்ரிலிக் ஜெஸ்ஸோ (பெயிண்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) இரண்டு கோட்டு. ஒன்று நெடுக்கில், காய்ந்ததும் மற்றது குறுக்கில். பிறகு உப்புத்தாளில் லேசாகத் தேய்ப்பு. வான்கோவின் துணி 92 செ.மீ. உயரம், 73 செ.மீ. அகலம், அதாவது 36 அங்குலத்துக்கு 29 அங்குலம். நானும் அதே அளவு எடுத்தேன். முகம் கிட்டத்தட்ட நிஜ அளவுக்குப் பக்கத்தில் வரும்.

வரையும்போது முகத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு இது. மூக்கும் கண்ணும் அழகாக வந்த பிறகு பார்த்தால் முழங்காலுக்குத் துணியில் இடம் இருக்காது. முதலில் ஒரு பெரிய முக்கோணம் போடுங்கள்: தலை உச்சி, இரண்டு பக்கமும் புடவை விழும் ஓரம். அதற்குள் நாற்காலியின் கோடு, தோள் கோடு, இடுப்புக் கோடு. தலையை ஓர் அளவாக வைத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்தவர் பாதம் வரைக்கும் ஐந்து, ஐந்தரைத் தலை இருப்பார். பாதத்தை வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. லா பெர்சூசில் பாவாடை கீழ்ச்சட்டத்தோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. அதனால்தான் அந்த அம்மா அவ்வளவு பக்கத்தில் இருக்கிறார். நானும் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டேன். ஆள் அசைந்து குழப்புகிறார் என்றால் ஒரு போட்டோ எடுத்துக் கட்டம் போட்டுப் பெரிசாக்குங்கள். நாற்பதடி கட்அவுட்டையே அப்படித்தான் வரைந்தோம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நிறத்தைப் போட்டோவிலிருந்து எடுக்காதீர்கள்.

கையைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். படத்தின் உயிர் அங்கேதான். விரல் விரலாக வரையத் தொடங்கினால் வெண்டைக்காய்க் கட்டு மாதிரி வந்து நிற்கும். நான்கு விரலையும் சேர்த்து ஒரே கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள், கட்டைவிரல் தனிக்கட்டை. மணிக்கட்டு எந்தப் பக்கம் மடிகிறது என்பதைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு மடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கோடு. பெரியம்மா முப்பது வருஷம் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கியவர். ஆள்காட்டி விரல் முட்டி பெரிசு, நகம் தேய்ந்தது. அதை அழகாக்கி வரைந்தபோது அவர் ஒரே பார்வையில், "இது யாரு கை?" என்று கேட்டுவிட்டார். அழித்து மறுபடி வரைந்தேன்.

கயிறு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, துறைமுகத்தில் தினம் பார்ப்பதுதான். இழுவையில் இருக்கிற கயிறு நேர்கோடு. தளர்ந்த கயிறு தன் எடையில் நடுவில் தொய்யும், கைக்குப் பக்கத்தில் செங்குத்தாக விழாது. இரண்டில் எதை வரைகிறீர்கள் என்று முன்பே தீர்மானியுங்கள். தூளி எட்டப் போகும்போது கயிறு விறைக்கும், திரும்பி வரும்போது தொய்யும். தொய்கிற கணத்தை நான் எடுத்தேன், அப்போதுதான் பெரியம்மாவின் விரல் தளரும். தூளியை வரையாதீர்கள். குழந்தையையும் வரையாதீர்கள். கயிறு சட்டத்தைத் தாண்டிப் போகட்டும். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கொழந்தையையும் போட்டிருக்கலாமே" என்று இரண்டு தடவை சொன்னார். போட்டிருந்தால் எல்லோரும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள், பெரியம்மா ஆட்டுகிற ஆளாகிவிடுவார்.

நிறத்துக்கு வருவோம். கண்ணில் பட்டதை அப்படியே எடுத்துப் பூசுவது இந்த வழி இல்லை. வான்கோ தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்: மேலுடுப்பு ஆலிவ் பச்சை, பாவாடை வெளிர்ப் பச்சை, தலைமுடி முழுக்க ஆரஞ்சு, முகம் குரோம் மஞ்சள், தரை வெர்மிலியன் சிவப்பு, சுவர் நீலப்பச்சையில் இளஞ்சிவப்பு டேலியா பூக்கள். அந்தச் சுவர்த்தாள் மற்ற நிறங்களுக்கு ஏற்றபடி தானே கணக்குப் போட்டு வைத்தது என்றும் சொல்கிறார். கணக்கு சிக்கலானது இல்லை. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். நீலமும் ஆரஞ்சும் அப்படியே. மஞ்சளும் ஊதாவும் அப்படியே. பச்சைப் புடவைக்கு அரக்குக் கரை நெய்தவர்களுக்கு இது புதிதா என்ன?

எங்கள் வீட்டில் எனக்குப் பாதி வேலை தயாராக இருந்தது. பழைய வீடு என்பதால் ரெட் ஆக்சைடு தரை. அதன் மேல் பச்சைச் சுங்குடி. சுவர் மட்டும் வெளிறிப்போன சுண்ணாம்பு. அதை நீலப்பச்சையாக மாற்றிக்கொண்டேன். டேலியாவுக்கு நான் எங்கே போவேன்? சந்துமுனையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை எடுத்தேன். இளஞ்சிவப்பு, ஐந்து இதழ், நடுவில் ஒரு புள்ளி. சுவர் முழுக்க இறைத்தேன், தலைக்குப் பக்கத்தில் நெருக்கமாக, ஓரத்துக்குப் போகப் போகக் கலைத்து. இடைவெளியில் கனகாம்பர நிறத்தில் பொட்டு பொட்டாக. பூவை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைக்காதீர்கள். வைத்தால் ஜன்னல் திரை மாதிரி ஆகிவிடும்.

நம் தோல் நிறத்துக்குப் பிரவுன் டியூபைப் பிதுக்காதீர்கள். மண் பொம்மையாகிவிடும். எல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் அடிப்படை. வெளிச்சம் விழும் நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன மேட்டில் ஆரஞ்சைத் தூக்குங்கள். நிழலுக்குக் கறுப்பு கூடாது. அல்ட்ரா மரைன் நீலத்தில் துளி சிவப்பு கலந்து ஊதா, அல்லது விரிடியன் பச்சை. கறுத்த தோலில் வாசல் வெளிச்சம் படும் இடம் நீலமாகத் தெரியும், உற்றுப் பாருங்கள். அந்த நீலத்தை வைத்தால் முகம் எழுந்து வரும். பேனரில் கதாநாயகன் முகத்தில் ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் பச்சை என்று அடிப்போமே, தூரத்திலிருந்து பார்த்தால் தகதகவென்று இருக்குமே, அதே வித்தைதான். இந்தப் படம் மலிவுக் கடையில் விற்கும் அச்சுப் படம் மாதிரி இருக்கிறது என்று வான்கோவே தம்பி தியோவுக்கு எழுதினார். காலண்டர் படம் போட்டு வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் அந்த மனுஷன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

இளஞ்சிவப்பு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். அவர் வாங்கிய சில சிவப்புச் சாயங்கள் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போயின. டியூபின் மேல் நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு நட்சத்திரமோ கூட்டல் குறியோ போட்டிருப்பார்கள். அது அதிகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பூசும் வரிசை: முதலில் டர்பன்டைன் விட்டு மெலிசாக எல்லா இடத்தையும் மூடுங்கள். வெள்ளைத் துணி எங்கும் தெரியக்கூடாது. அடுத்த கோட்டுகளில் லின்சீட் ஆயில் கூடலாம், பெயிண்ட் தடிக்கலாம். மெலிசுமேல் தடிப்பு, எப்போதும் அப்படித்தான். தடிப்புமேல் மெலிசைப் பூசினால் மேலே காய்ந்து, கீழே காயாமல், பிறகு வெடிக்கும். புடவையில் தீற்றல் மடிப்பின் வழியே ஓடட்டும், முகத்தில் எலும்பின் வளைவோடு ஓடட்டும். பின்சுவரில் தட்டையாக விடுங்கள். எல்லா இடத்திலும் சுழல் சுழலாகப் போட்டால்தான் வான்கோ என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தப் படத்தில் பெரும்பகுதி அமைதியான, அகலமான நிறப்பரப்புதான். அதைச் சுற்றி அழுத்தமான கோடு. ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட விஷயம். கோட்டுக்கு பிரஷ்யன் ப்ளூவில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்தேன். படகில் எழுத்துக்குக் கரை கட்டும் நீள மயிர்ப் பிரஷ்தான். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். தோள் அசையலாம், விரல் அசையக்கூடாது. தடுமாறிய கோட்டை மேலே மேலே திருத்தாதீர்கள், துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுங்கள்.

முதல் படத்தைப் பாழாக்கியது என் கஞ்சத்தனம். தடைக்கால வேலையில் மிஞ்சிய எனாமல் டப்பாக்கள் வீட்டில் கிடந்தன. பச்சையும் சிவப்பும் தாராளமாக இருக்கிறதே என்று அதை டியூப் பெயிண்ட் தடிப்புக்கு அப்பினேன். எனாமல் மேலே தோல் கட்டும், உள்ளே கூழாக இருக்கும். நான்கு நாளில் புடவைப் பகுதி முழுக்கக் காய்ச்சிய பால் ஆடை மாதிரி சுருங்கிவிட்டது. பெரியம்மா பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் இவ்ளோ சுருக்கம் வரலடா" என்றார்.

குழந்தை தூங்கும் அறையில் வரைவதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டர்பன்டைன் ஆவி குழந்தைக்கு ஆகாது. மெலிசான முதல் பூச்சைக் குழந்தை வெளியே போயிருக்கும்போது முடித்துக்கொண்டேன். மற்ற நாட்களில் எண்ணெய் மட்டும். பிரஷ் கழுவியது மொட்டைமாடியில். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துப் போட்டுக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். காய்வதற்கும் அவசரப்படாதீர்கள். மெலிசான இடம் சில நாளில் காயும், தடித்த இடத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் பொறுங்கள்.

இரண்டாவது படம் சரியாக வந்தது.  மூன்றாவது எதற்கு என்றால், அதற்கும் அந்தக் கடிதங்கள்தான் காரணம். 1889 ஜனவரியில் தியோவுக்கு வான்கோ எழுதுகிறார்: ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களைப் பற்றி ஓவியர் காகெனோடு பேசிக்கொண்டிருந்தேன், கடலில் தன்னந்தனியாக, எல்லா ஆபத்துக்கும் நடுவில் இருக்கிறவர்கள், அந்தப் பேச்சில்தான் இந்தப் படத்தின் எண்ணம் வந்தது. படகின் அறையில் மாட்டினால் அவர்களுக்குத் தொட்டிலில் ஆடுகிற அந்தப் பழைய உணர்வு வந்து, தங்கள் தாலாட்டு ஞாபகத்துக்கு வர வேண்டும். இதுதான் விஷயம். அப்படி ஒரு படகில் அவர் அதை மாட்டவே இல்லை. எனக்குப் படகு பக்கத்திலேயே இருக்கிறது. மச்சான் விசைப்படகு வைத்திருக்கிறார், பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கிவிட்டு வருகிற படகு. பெரியம்மா அவருக்கும் அத்தைதான், அந்தத் தூளிக் கயிற்றில் ஆடியவர்தான் அவரும்.

படகுக்குத் துணி ஆகாது. உப்புக்காற்றில் ஒரு சீசனில் பூத்துவிடும். 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில், பாதி அளவாக, 18 அங்குலத்துக்கு பதினாலரை அங்குலம் வெட்டிக்கொண்டேன். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடியுங்கள். ஓரத்தை விட்டால் அங்கேதான் தண்ணீர் ஏறும். இதில் மட்டும் எனாமல் சரி. ஆனால் தண்ணீர் மாதிரி மெலிசாக, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு இரவு காயவிட்டு. எனாமலில் தீற்றல் நிற்காது. அதனால் தட்டை நிறமும் கரைக்கோடும் மட்டும் வைத்தேன். பார்த்தால் கொஞ்சம் காலண்டர், கொஞ்சம் படகு எழுத்து. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

எது யாருக்கு என்று நான் தீர்மானிப்பதற்குள் பெரியம்மாவே தீர்த்துவிட்டார். ரூலேன் அம்மாவிடம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, நல்ல கண், இருப்பதிலேயே சிறந்ததை எடுத்துக்கொண்டார் என்று வான்கோ எழுதியிருக்கிறார். பெரியம்மா இரண்டையும் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தார். பெரிய துணிப்படத்தைக் காட்டி, "இது வூட்ல மாட்டிக்க. இந்தப் பலகைய அவன் போட்டுக்குக் குடு. அங்கதான் நான் இல்ல" என்றார்.

வீல் ஹவுசில், டிரைவர் நிற்கும் இடத்துக்குப் பின்பக்கச் சுவரில் நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டினோம். பித்தளை ஸ்க்ரூ போடுங்கள், இரும்பு என்றால் ஒரே மாதத்தில் துரு வழிந்து சுவரில் நித்தியகல்யாணி வாடிவிடும். அடுத்த தடவை படகு கரைக்கு வந்தபோது ஏறிப் பார்த்தேன். படத்தில் கயிறு சட்டத்தைத் தாண்டுகிற ஓரத்தில் யாரோ ஒரு ஆணி அடித்து, நிஜ நைலான் கயிறு கட்டி, அதில் ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள். நீங்களும் அப்படி ஆணி அடிப்பதாக இருந்தால் பலகையை விட்டு ஒரு அங்குலம் தள்ளி, மரச்சுவரில் அடியுங்கள். ஓரத்தில் அடித்தால் பெயிண்ட் பெயர்ந்துவிடும்.